தேயத் தேயப் புழங்குங்கள்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சாயல்குடிப் பக்கத்தில் இருக்கும் உங்கள் பள்ளித் தோழி, ஊருக்கு வரும்போதெல்லாம் தன் கையால் முடைந்த பனையோலைச் சாமான் ஒன்றை உங்களுக்குத் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். கலர் கொட்டான், விசிறி, உங்கள் மகளுக்குக் கிலுகிலுப்பை, கண்ணாடி வைக்க மூடியோடு ஒரு பெட்டி. எல்லாவற்றையும் பாலித்தீன் உறையில் சுற்றி ஷோகேஸில் வைத்திருக்கிறீர்கள். “தொட்டால் அழுக்காகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கடையில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அவளுக்கு ஈடாக நான் எதுவும் செய்ய முடியவில்லை. கடன்பட்ட மாதிரியே இருக்கிறது, என்ன செய்வது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தக் கேள்வி உங்கள் ஒருவருடையது அல்ல என்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். கைவேலை தெரிந்த சிநேகிதி அமைந்த எல்லோருக்கும் இந்தத் தவிப்பு உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உறையைப் பிரித்து எடுத்துப் புழங்குங்கள். தேயத் தேயப் புழங்குங்கள். தோழிக்கு நீங்கள் செய்யும் பதில் மரியாதை அதுதான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப் போகிறேன்.

நம் பக்கத்தில் வாங்கியதைத் திருப்பிச் செய்யும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்று உங்களுக்கே தெரியும். கல்யாணமோ காதுகுத்தோ, வாசலில் ஒருவர் மொய் நோட்டோடு உட்கார்ந்திருப்பார். பெயர், ஊர், தொகை மூன்றும் எழுதப்படும். அவர்கள் வீட்டு விசேஷம் வரும்போது அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து, வந்ததற்குக் குறையாமல் செய்துவிட்டு வருவோம். அது நல்ல ஏற்பாடு. கையில் காசில்லாத காலத்தில் ஊரே சேர்ந்து ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிற வழி. ஆனால் உங்கள் தோழி தந்த கொட்டானை எந்த மொய் நோட்டிலும் ஏற்ற முடியாது. தொகை என்று எதை எழுதுவீர்கள்? அதை மொய்க் கணக்கில் வைத்துப் பார்ப்பதால்தான் உங்களுக்குக் கடன்பட்ட உணர்வு வருகிறது. கணக்கை மாற்றிப் போட வேண்டும்.

எல்லா அன்பளிப்பையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று நான் சொல்லவில்லை. இராமேசுவரத்துப் பிள்ளையான அப்துல் கலாம் தன் சிறுவயதில் நடந்த ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அவருடைய தந்தை ஜைனுலாப்தீன் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சமயம். தந்தை தொழுகைக்குப் போயிருந்த வேளையில் யாரோ ஒருவர் வந்து ஒரு பொருளைக் கொடுக்க, சிறுவன் கலாம் அதைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். தந்தை திரும்பி வந்து பிரித்துப் பார்த்தால் உள்ளே விலையுயர்ந்த துணியும் பழமும் இனிப்பும். அன்றைக்குக் கலாமுக்கு அடி விழுந்தது. நோக்கத்தோடு வருகிற பரிசு ஆபத்தானது என்று தந்தை அழுத்திச் சொன்னாராம். குடியரசுத் தலைவரான பிறகும் அந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை. ஒரு பரிசைக் கையில் வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியை அந்தத் தந்தை நமக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்: இதைத் தருகிறவருக்கு என்னிடம் ஆக வேண்டிய காரியம் என்ன? உங்கள் தோழிக்கு உங்களிடம் ஆக வேண்டிய காரியம் ஒன்றுமில்லை. அவர் கை சும்மா இருந்த நேரத்தில் உங்களை நினைத்தது, அவ்வளவுதான். இப்படி வருகிற பொருளைத் தயங்காமல் வாங்கலாம்.

ஆனால் வாங்குகிற பொருள் என்னவென்று தெரிந்து வாங்க வேண்டும். ஒரு கொட்டான் எப்படி உருவாகிறது என்று நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் முடைவதை நான் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

விரியாத குருத்தோலைதான் கொட்டானுக்கு ஆகும். விரிந்து பச்சையேறிய ஓலை கூரைக்கும் வேலிக்கும் போகும். மரமேறுபவர் வெட்டி இறக்கிய குருத்தை வெயிலில் காயப் போட்டால் பச்சை வெளுத்துத் தந்த நிறத்துக்கு வரும். ஒவ்வோர் இலக்கின் நடுவிலும் ஓடும் ஈர்க்கைக் கிழித்து எடுத்தால் இரண்டு பட்டை கிடைக்கும். அதைச் சிறு கத்தியால் ஒரே அகலத்துக்கு வார்ந்துகொள்ள வேண்டும். ஒரு பட்டை அகலம் கூடினாலும் பின்னல் கோணிக்கொள்ளும். கலர் வேண்டிய பட்டைகளைக் கொதிக்கும் சாயத் தண்ணீரில் முக்கி எடுத்து நிழலில் உலர்த்துவார்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் முடைகிற வேலையே தொடங்கும்.

அந்தப் பெண் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர், அதில் ஒரு துணி. பட்டையை எடுக்கும்போதெல்லாம் ஈரத்துணியில் ஓர் இழுப்பு. “காஞ்ச ஓலை சொன்ன பேச்சு கேக்காது லாத்தா, முறிஞ்சுபோகும்” என்றாள். அடிப்பாகம் சதுரமாக வந்தது. நான்கு மூலையும் அமைந்ததும் பட்டைகளை மேல்நோக்கி மடக்கினாள். அங்கிருந்து பின்னல் சுற்றிச் சுற்றி ஏறியது. அடியில் சதுரமாக இருந்தது வாய்க்கு வரும்போது வட்டமாகிவிட்டது. எந்த இடத்தில் மாறியது என்று கண்ணால் பிடிக்க முடியவில்லை. கடைசியில் விளிம்பை மடித்து, நுனிகளை ஒவ்வொன்றாக உள்ளே செருகினாள். வேலையில் கடினமான இடம் அதுதானாம். செருகியது வெளியே தெரியாமல் இருக்க வேண்டும், ஆனால் இழுத்தால் வரவும் கூடாது. அவளுடைய ஆள்காட்டி விரலின் ஓரத்தில் மெல்லிய கோடுகளாகப் பல வெட்டுத் தழும்புகள் இருந்தன. ஓலையின் ஓரம் கத்திக்குக் குறைந்ததல்ல.

உங்கள் ஷோகேஸில் இருக்கும் கொட்டானின் விளிம்பை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். அந்தச் செருகல் எங்கே என்று தேடுங்கள். தோழியின் உழைப்பு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இந்தக் கரையில் ஓலைச் சாமானை யாரும் பார்த்து ரசிப்பதற்காகச் செய்யவில்லை. தானியம் சுமக்கக் கடகம், புடைக்கச் சுளகு, கருவாடும் உப்பும் கொண்டுபோகப் பெட்டி, பதநீர் குடிக்கப் பட்டை, படுக்கப் பாய், பிள்ளை கையில் கிலுகிலுப்பை என்று எழுந்திருக்கிறது முதல் படுக்கிறது வரை ஓலைதான். சாயல்குடி வட்டாரத்துக் கருப்பட்டி ஓலைப் பெட்டியில் அடைபட்டுத்தான் சந்தைக்குப் போனது. கீழக்கரைத் தொதலைக் கொட்டானில் வாங்கித் தின்றவர்களுக்குத் தெரியும், தேங்காய்ப்பாலும் இனிப்பும் நெடுநேரம் கிண்டி இறுகிய அந்தப் பண்டத்தோடு ஓலை வாசமும் சேர்ந்தால்தான் அது முழுத் தொதல். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலும் பனங்கட்டியைக் குட்டான் என்ற ஓலைப் பெட்டியில்தான் வைத்துக் கொடுக்கிறார்கள். பாக் நீரிணையின் இரண்டு கரையிலும் பனை ஒன்றே, முடைகிற கை ஒன்றே.

1985 வரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்த காரைக்குடிப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நகரத்தார் வீட்டு ஆச்சிகள் தங்கள் கையாலேயே கொட்டான் முடைந்து, மணி கோத்து, குரோஷா வேலை செய்து, மகளின் கல்யாணச் சாமான்களோடு அனுப்பிவைத்தார்கள். பெட்டி பெட்டியாகப் பித்தளையும் வெள்ளியும் போகிற சீரில், தாயின் விரல் பட்ட ஓலைக்கும் ஓர் இடம் இருந்தது. நடுவில் பிளாஸ்டிக் வந்து அந்த வழக்கம் ஏறக்குறைய நின்றேபோனது. விசாலாட்சி இராமசாமி எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை மூலமாக முயற்சி எடுத்து, சுற்றுவட்டாரக் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, செட்டிநாட்டுக் கொட்டானுக்கு மறுவாழ்வு தந்தார். ஒரு கைவேலை சாவதற்கு அருங்காட்சியகத்தில் இடமில்லாமல் போவது காரணமில்லை. அடுப்படியில் இடமில்லாமல் போவதுதான் காரணம். செட்டிநாட்டில் நடந்ததிலிருந்து நான் தெரிந்துகொண்டது இதுதான்.

அதனால்தான் உங்களைப் புழங்கச் சொல்கிறேன். கொட்டானில் வெங்காயம், பூண்டு போட்டு வையுங்கள். காற்றோட்டம் இருப்பதால் கெடாமல் இருக்கும். பூ வாங்கி வரும்போது பாலித்தீன் பைக்குப் பதிலாக அதை எடுத்துக்கொண்டு போங்கள். மின்சாரம் போன இரவில் அந்த விசிறியை வீசுங்கள். கிலுகிலுப்பை குழந்தை கையில் இருக்கட்டும். கடித்துப் பிய்த்தால் பிய்க்கட்டும். பிய்ந்தது என்று கேட்டால் உங்கள் தோழி வருத்தப்படமாட்டார். இன்னொன்று முடைய அவருக்கு அதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

திருப்பிச் செய்வதைப் பற்றிக் கேட்டீர்கள். நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டோம். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். நோன்புக் கஞ்சி இந்தப் பக்கம் வரும், பொங்கலும் கரும்பும் அந்தப் பக்கம் போகும். பாத்திரம் மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொதுவாகிவிடும். கொட்டானையும் அப்படி ஆக்கிவிடுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அதில் முறுக்கோ அதிரசமோ நிறைத்து எடுத்துக்கொண்டு போங்கள். தோழி அதைக் கருப்பட்டியோ பனங்கிழங்கோ போட்டுத் திருப்பித் தரட்டும். விளிம்பு நைந்து, சாயம் மங்கி, எண்ணெய்க் கறை படிந்து அது வந்துபோய்க்கொண்டிருக்கும் வரைக்கும் யார் யாருக்குக் கடன் என்ற கேள்வியே எழாது.

உலகத்தின் வேறொரு மூலையிலும் இப்படி ஒன்று நடந்ததை அறிஞர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். நியூ கினியாவை ஒட்டிய திரோபிரியாண்ட் தீவுகளில் வாழ்ந்து பார்த்த மலினோவ்ஸ்கி, 1922-இல் வெளியிட்ட நூலில் ‘குலா’ என்ற வழக்கத்தை விவரித்தார். சிவப்புச் சிப்பி மாலைகள் ஒரு திசையிலும் வெள்ளைச் சங்குக் காப்புகள் எதிர்த்திசையிலும் தோணியேறித் தீவு தீவாகச் சுற்றி வரும். வந்த பொருளைச் சில காலம் வைத்திருந்து பெருமைப்படலாம், பிறகு அடுத்த தீவுக் கூட்டாளிக்குக் கொடுத்துவிட வேண்டும். பிடித்துவைத்துக்கொண்டே இருப்பவருக்கு நல்ல பெயர் கிடையாது. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் இதையும் இதுபோன்ற பிற வழக்கங்களையும் சேர்த்து ஆராய்ந்து, கொடுப்பது, பெறுவது, திருப்பிச் செய்வது மூன்றும் மனிதர்களைக் கட்டிவைக்கும் கடமைகள் என்று எழுதினார். சங்கும் சிப்பியும் கைமாறுகிற கடற்கரைக்காரர்கள் நாம். அந்தத் தீவுக்காரர்கள் செய்ததன் அர்த்தம் நமக்குச் சட்டென்று விளங்கும். பொருள் நகர்ந்துகொண்டிருந்தால்தான் உறவும் நகரும். அலமாரியில் பூட்டிய பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் உறவுக்கு ஒன்றும் செய்யாது.

இரண்டு காரியங்களைச் செய்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். “இவ்வளவு அழகா இருக்கே, இதை வித்தா நல்லாப் போகுமே” என்று எடுத்தவுடன் சொல்லாதீர்கள். பாராட்டுவதாக நினைத்துத்தான் சொல்கிறோம். ஆனால் உங்களுக்காக என்று செய்த பொருளின் மேல் அந்தப் பேச்சு விலைச்சீட்டை ஒட்டிவிடுகிறது. தோழிக்கே விற்கும் எண்ணம் இருந்தால் அவரே பேச்சை எடுப்பார், அப்போது கூட நின்று உதவுங்கள். இன்னொன்று, வீட்டில் கொலு, வளைகாப்பு என்று வரும்போது “எனக்கு ஐம்பது கொட்டான் பண்ணிக் குடேன்” என்று உரிமையோடு கேட்டுவிடாதீர்கள். ஒன்று செய்வது பிரியம், ஐம்பது செய்வது வேலை. வேலைக்குக் கூலி உண்டு. ஆர்டராகச் சொல்லி, ஓலைக்கும் சாயத்துக்கும் முன்பணம் கொடுத்து, கேட்ட விலையைக் கொடுத்து வாங்குங்கள். இந்தக் கரையில் வீட்டுக்குள் இருந்தபடியே ஓலை முடைந்து பிள்ளைகளைப் படிக்கவைக்கிற பெண்கள் நிறையப் பேர். இடையில் வாங்கி விற்பவர்கள் போக அவர்கள் கைக்கு வருவது சொற்பம். அவர்களிடம் பேரம் பேசுவது பாவம் என்றே நான் நினைக்கிறேன். கூலிக்குச் செய்கிற கையையும் பிரியத்துக்குச் செய்கிற கையையும் மதிக்கிற முறை வேறுவேறு. ஒன்றுக்குத் தயங்காமல் காசு கொடுங்கள், மற்றதற்குக் காசை நீட்டாதீர்கள்.

தோழி சிப்பி, சங்கு வைத்தும் சிறு பொம்மைகள் செய்யப் பழகுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஒரு வார்த்தை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளமும் கடற்குதிரையும் சில சங்கு, சிப்பி வகைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் பவளத்தை எடுக்கக் கூடாது. பரிசு கொடுத்தவரும் வாங்கியவரும் சங்கடப்படாமல் இருக்க, எது எடுக்கத்தக்கது என்று வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

இனி, பராமரிப்பைச் சொல்லிவிடுகிறேன். பாலித்தீன் உறைதான் ஓலைக்கு முதல் எதிரி. உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஓலைச் சாமான்களை இளவெயிலில் சற்று நேரம் வையுங்கள். சாயம் போட்டவற்றை நிழலில், காற்றுப் படும் இடத்தில் வைத்தால் போதும், வெயிலில் நிறம் வெளுக்கும். கழுவ வேண்டாம், உலர்ந்த துணியால் துடையுங்கள். மொரமொரப்பாகிவிட்டது என்று தோன்றினால் லேசான ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து நிழலில் ஆறவிடுங்கள். பூச்சி வராமல் இருக்க வேப்பிலைக் கொத்து ஒன்று போட்டுவைக்கலாம். விளிம்பு பிரிந்தால் நீங்களே பசை போட்டு ஒட்டாதீர்கள். தோழியிடம் எடுத்துக்கொண்டு போய், “இது பிரிஞ்சுபோச்சு, சரிபண்ணிக் குடு” என்று கேளுங்கள். தான் செய்த பொருள் பழுதுபார்க்க வந்து நிற்கும்போது செய்தவர் முகத்தில் வருகிற சந்தோஷத்தை நான் பார்த்திருக்கிறேன். நாம் வாயால் சொல்கிற எந்த நன்றிக்கும் அது வராது. சரிசெய்ய முடியாத நிலை வந்தால் அடுப்பெரிக்கப் போடுங்கள், அல்லது செடிக்கு அடியில் போடுங்கள். நம் பாட்டிமார்கள் அப்படித்தான் செய்தார்கள். அதில் அவமரியாதை எதுவும் இல்லை.

இன்னும் ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்று உங்கள் மனம் சொன்னால், தோழியின் தொழிலுக்கு வேர் எதுவோ அதற்குச் செய்யுங்கள். ஒரு பனை ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு குருத்துத்தான் விடும். அதையும் கண்டபடி வெட்டினால் மரம் நலிந்துபோகும். ஏறி வெட்டித் தருகிறவர்கள் ஊருக்கு ஓரிருவர்கூட இப்போது இல்லை. செங்கல் சூளைக்கும் மனைக்கும் என்று மரங்கள் சாய்ந்துகொண்டே வந்தன. தமிழ்நாட்டின் மாநில மரத்துக்கே இந்தக் கதி. 2021-இல் வேளாண்மைக்கென்று முதன்முதலாகத் தனி நிதிநிலை அறிக்கை வந்தபோது, 76 லட்சம் பனை விதைகளை நடுவதாகவும், மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றும் அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் கண்மாய்க் கரையில் விதையை ஊன்றி, ஆடுமாடு மிதிக்காமல் பார்த்துக்கொள்வது ஊர்க்காரர்களின் பொறுப்பு.

ஆகவே உங்களுக்கு என் யோசனை இது. பனம்பழம் உதிர்கிற ஆவணி, புரட்டாசியில் ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போங்கள். மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். தோழியோடு சேர்ந்து பனங்கொட்டை பொறுக்கி, மழைக்கு முன்னால் கண்மாய்க் கரையில் ஊன்றுங்கள். மீதி நாளில் தோழி பக்கத்தில் உட்கார்ந்து, ஓலை வாரவும் அடிப்பின்னல் போடவும் கற்றுக்கொள்ளுங்கள். முதலில் கோணலாகத்தான் வரும். அந்தக் கோணல் கொட்டானைத் தோழிக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவரும் அதில் வெங்காயம் போட்டு வைப்பார்.

அன்புடன்,
உங்கள் இராமநாதபுரத்துச் சிநேகிதி